பன்றியிடம் கேட்பதற்கு முன் நம்மிடம் கேட்டோமா?



அண்மையில் எங்கள் வட்டாரத்துப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தருமாறு கேட்டேன். இறந்தபின் உறுப்புக் கொடை அளிக்கும் உறுதிமொழியைப் பற்றிப் பெற்றோர்களுக்கு எளிமையாக விளக்க வேண்டும் என்பதே என் எண்ணம். நான் அமர்வதற்குள் மூன்று குரல்கள் எழுந்தன.

முதற்குரல்: “இனி அதெல்லாம் எதற்கு ஐயா? அமெரிக்காவில் பன்றியின் சிறுநீரகத்தையே மனிதனுக்கு வைத்துவிட்டார்கள். ஐந்தாறு ஆண்டில் இங்கேயும் வந்துவிடும். செத்தவர் உடலை ஏன் அறுக்க வேண்டும்?”

இரண்டாம் குரல்: “சிவ சிவா! பன்றி உறுப்பை வைத்துக்கொண்டு வாழ்வதைவிடச் சாவதே மேல்!”

மூன்றாம் குரல்: “இது என்ன புதுமை? பிள்ளையாருக்கு யானைத் தலையை வைத்தவர்கள் நம் முன்னோர்கள்தாமே!”

எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பின் பேச்சு விளையாட்டுப் போட்டிக்கும் கூடாரச் செலவுக்கும் சென்றுவிட்டது. என் பத்து நிமிடம் அப்படியே போயிற்று. அங்கே சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

‘சாவதே மேல்’ என்பவருக்கு

முதலில் இரண்டாம் குரலுக்கு மறுமொழி. பன்றி அருவருப்பானது, அதன் உறுப்பு உள்ளே வந்தால் உடல் தீட்டுப்பட்டுவிடும் என்கிறீர்கள். நல்லது. நம் உறவினர் எத்தனை பேர் கிழமைக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு மையத்திற்குச் சென்று வருகிறார்கள்? அங்கே இயந்திரத்தில் ஓடும் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க வழக்கமாக ஒரு மருந்து செலுத்துவார்கள். அதன் பெயர் ஹெப்பரின். அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது.

இன்னும் கேளுங்கள். இனிப்புநீர் நோயாளிகளுக்கு மனித இன்சுலின் 1980களில் சந்தைக்கு வரும் முன்பு, அறுபது ஆண்டுகளாக அவர்களைக் காத்தது மாட்டின், பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலினே. பழுதான இதய வால்வுக்குப் பதிலாகப் பதப்படுத்திய பன்றி வால்வைப் பொருத்தும் வழக்கம் 1960களிலேயே தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட வால்வோடு கோவில் தேருக்கு வடம் பிடித்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு எந்தத் தீட்டும் வரவில்லை. நம் நாட்டு இசுலாமிய அன்பர்களுக்குப் பன்றியைப் பற்றிய விலக்கு நம்மைவிடக் கடுமையானது. அவர்களுடைய அறிஞர்களில் பலரே, உயிர் காக்க வேறு வழியில்லாத கட்டாய நிலையில் விலக்கப்பட்டதும் இசைவாகும் என்ற நெறியைச் சொல்கிறார்கள். ஆகவே, அருவருப்பை அறம் என்று எண்ணி மயங்க வேண்டா.

பிள்ளையாரைச் சான்றுக்கு அழைப்பவருக்கு

மூன்றாம் குரலுக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பிள்ளையார் நம் வழிபாட்டுக்குரியவர். அவர் அறுவை மருத்துவத்திற்குச் சான்று அல்லர். அப்படியே கதையைச் சான்றாகக் கொண்டாலும், அந்த யானையிடம் யாராவது கேட்டார்களா என்று நீங்கள் வினவியதுண்டா? நம் மரபில் இதற்கு நேரெதிரான கதை ஒன்றும் உண்டு. அடைக்கலம் புகுந்த ஒரு புறாவுக்காகத் தன் தொடையை அறுத்துத் தராசில் வைத்தான் சிபிச் சக்கரவர்த்தி. விலங்குக்காக மனிதன் தன் உடலைத் தந்த கதை அது. அந்தக் கதையை வகுப்பில் நடத்திவிட்டு, வெளியே வந்து, ‘நம் உடலைத் தொடாதே, விலங்கின் உடலை எடுத்துக்கொள்’ என்கிறோம். இது எந்த ஊர் நன்னெறிக் கல்வி?

‘அறிவியல் வந்துவிட்டது’ என்பவருக்கு

இனி முதற்குரல். மூன்றிலும் கேடு மிகுந்தது இதுதான். ஏனெனில், இது அறிவாளியின் குரல் போல ஒலிக்கிறது.

உண்மையில் வந்திருப்பது என்ன? 2022 சனவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழக மருத்துவமனையில் மருத்துவர் பார்ட்லி கிரிஃபித், மருத்துவர் முகம்மது மொகியுதீன் குழுவினர், மரபணு மாற்றிய பன்றியின் இதயத்தை 57 வயதான ஒருவருக்குப் பொருத்தினர். அவர் இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார். அதே மருத்துவமனையில் 2023 செப்டம்பரில் பன்றி இதயம் பெற்ற இரண்டாமவர் ஆறு கிழமையில் இறந்தார். 2024 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பன்றிச் சிறுநீரகம் பெற்ற 62 வயதுக்காரர் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மறைந்தார். அதற்கு மாற்றுச் சிறுநீரகம் காரணம் என்பதற்கான அறிகுறி இல்லை என்று மருத்துவமனை அறிவித்தது. 2024 ஏப்பிரலில் நியூயார்க்கில் ஒரு பெண்மணிக்கு வைத்த சிறுநீரகம் 47 நாளில் எடுக்கப்பட்டது. அதே நகரில் 2024 நவம்பரில் இன்னொரு பெண்மணிக்கு வைத்தது 130 நாள் உழைத்தபின் அகற்றப்பட்டது. 2025 சனவரியில் மாசசூசெட்ஸில் ஒருவருக்கு வைத்தது 271 நாள் உழைத்தது. அதுவும் அவ்வாண்டு அக்டோபரில் அகற்றப்பட்டது.

இவர்கள் துணிவு மிக்கவர்கள், தலை வணங்குகிறேன். நாள் கணக்கு ஏறிக்கொண்டே வருவதையும் மறுக்கவில்லை. முறையான மருத்துவ ஆய்வுகளுக்கு 2025இல் அமெரிக்க அரசு இசைவளித்திருக்கிறது. ஆனால், நாள் கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்றைக் காட்டி, ஆண்டுக் கணக்கில் பயன் தருவதாக மெய்ப்பிக்கப்பட்ட மனித உறுப்புக் கொடையை ‘இனி வேண்டா’ என்று தள்ளுவது அறிவியலாகுமா?

சோனாப்பூரில் நடந்தது

‘இந்தியாவில் அன்றே செய்தார்கள், அரசுதான் தடுத்துவிட்டது’ என்றொரு செய்தியும் புலனத்தில் சுற்றுகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அசாம் மாநிலத்தில், குவாகாத்திக்கு அருகிலுள்ள சோனாப்பூரில் மருத்துவர் தனிராம் பருவா ஓர் இதய மருத்துவ நிலையம் நடத்தி வந்தார். 1997 சனவரி முதல் நாள், இதயத்தில் துளையுடன் வந்த 32 வயது இளைஞர் ஒருவருக்குப் பன்றியின் இதயத்தையும் நுரையீரலையும் பொருத்தினார். ஆங்காங்கிலிருந்து வந்த மருத்துவர் ஒருவரும் உடனிருந்தார். இளைஞர் ஏழு நாள் வாழ்ந்தார். பிறகு நோய்த்தொற்றால் மாண்டார். பருவா கைதானார், கொலையாகாத மரணம் விளைவித்ததாகவும், 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கீழும் வழக்குத் தொடுக்கப்பட்டது, நாற்பது நாள் சிறையிலிருந்தார்.

2022இல் மேரிலாந்து செய்தி வந்ததும், ‘பருவா முன்னோடி, நம்மவர் என்பதால் ஒடுக்கப்பட்டார்’ என்று பலர் எழுதினர். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெள்ளைத் தோலும் மாநிறத் தோலும் அன்று. மேரிலாந்துக் குழு அதற்கு முன் பல ஆண்டு பபூன் குரங்குகளில் ஆய்ந்து, முடிவுகளை மற்ற அறிஞர்கள் குறை காணும்படி வெளியிட்டிருந்தது. அந்தப் பன்றியின் பத்து மரபணுக்கள் மாற்றப்பட்டிருந்தன. அரசின் இசைவு எழுத்தில் பெறப்பட்டது. சோனாப்பூரில் இவை எவையும் உலகின் பார்வைக்கு வைக்கப்படவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் ஓர் ஏழை இளைஞரின் மார்பு திறக்கப்பட்டது. பின்னாளில் வேறு யாரோ வேறு முறையில் சிறிது வெற்றி கண்டார்கள் என்பதால், முன்னாளில் செய்த பிழை சரியாகிவிடாது. விடைத்தாளில் தற்செயலாகச் சரியான விடையை எழுதிவிட்ட மாணவனுக்கு வழிமுறைக்கான புள்ளியை நாம் கொடுப்பதில்லையே!

இது அசாமின் கதை மட்டுமன்று. 1984 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் பிறந்து சில நாளே ஆன பெண்குழந்தைக்கு பபூன் இதயத்தை வைத்தார்கள். மூன்று கிழமையில் குழந்தை இறந்தது. பெற்றோருக்கு மாற்று வழிகள் முழுமையாக விளக்கப்பட்டனவா என்ற வினா அமெரிக்காவிலேயே எழுந்தது. ஆக, ஒவ்வொரு முறையும் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: முதலில் மேசையில் படுக்க வைக்கப்படுபவர் யார்? வேறு வழி ஏதுமற்றவர்தாம். வேறு வழியில்லாதவன் சொல்லும் ‘சரி’ எவ்வளவு தூரம் விருப்பம், எவ்வளவு தூரம் கட்டாயம்? தவிர, மற்ற ஆய்வுகளில் பங்கேற்பவர் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். விலங்கின் உறுப்பைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் கண்காணிப்புக்கு உட்பட வேண்டும். நெருங்கிய உறவினரும் கவனிக்கப்பட வேண்டும். விலகும் உரிமை பெயரளவில்தான்.

மலேசியர்களாகிய நமக்கு ஒரு நினைவூட்டல்

இந்தப் பொருளைப் பற்றி உலகில் யார் மறந்தாலும் மலேசியர் மறக்கலாகாது. 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக்காய்ச்சல் தொடங்கியது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவன். ‘ஜப்பானிய மூளைக்காய்ச்சல்’ என்றார்கள், கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். காய்ச்சல் நிற்கவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு அது நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா பகுதிகளுக்கும் சென்றது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா காவ் பிங், இது அதுவரை உலகம் அறியாத புதிய நுண்மி என்று கண்டார். ‘நிப்பா’ என்ற பெயர் நம் நாட்டுக் கிராமத்தின் பெயர். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவியது. 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. இறந்தவர்களுள் பண்ணைகளில் கூலிக்கு உழைத்த நம் இனத்தவரும் இருந்தனர்.

கவனியுங்கள். தோலின் மேல், மூச்சுக்காற்றின் வழி பழகியதற்கே இந்த விளைவு. உறுப்பு மாற்றில் பன்றியின் உயிருள்ள திசு மனித இரத்தத்தோடு நேரடியாக இணைகிறது. அதை உடல் தள்ளிவிடாதிருக்க நோயெதிர்ப்பு ஆற்றலையும் மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். அந்தப் பன்றிகள் தூய்மையான கூடத்தில் வளர்க்கப்படுபவை என்கிறார்கள். உண்மைதான். ஆனால், மேரிலாந்தில் முதலாமவருக்கு வைத்த இதயத்திலேயே பன்றியின் சைட்டோமெகலோ நுண்மி இருந்தது பிறகு கண்டறியப்பட்டது. முன்கூட்டியே செய்த சோதனையில் அது அகப்படவில்லை! அதன் பிறகு சோதனைகள் கடுமையாக்கப்பட்டன. பன்றியின் மரபணுவிலேயே பதுங்கியிருக்கும் நுண்மிகளைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்களும் 2024இல் மாசசூசெட்ஸில் வைத்த சிறுநீரகத்தில் செய்யப்பட்டிருந்தன. வரவேற்கிறேன். எனினும், ஒருவர் தம் உயிருக்காகத் துணியும் இடர் அவரோடு நின்றுவிடாமல், அவர் பக்கத்து வீட்டாருக்கும் பரவக்கூடும் என்றால், பக்கத்து வீட்டாரிடமும் கேட்க வேண்டாவா? செபராங் பிறைத் தென்பகுதியில் வால்டோர் பக்கம் பன்றிப் பண்ணைகளின் அருகே வாழும் நாம் இதைக் கேட்பது அச்சத்தால் அன்று, பட்டறிவால்.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

ஆறாம் ஆண்டு வகுப்பில் இந்தச் செய்தியைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “பன்றிக்கு வலிக்குமா ஐயா?” கூட்டத்திலிருந்த பெரியவர் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. மயக்க மருந்து கொடுப்பார்கள், எனவே அறுக்கும்போது வலிக்காது என்றேன். அவள் விடவில்லை: “அப்புறம் அது எழுந்திருக்குமா?” எழுந்திருக்காது என்றேன். வகுப்பு அமைதியாயிற்று.

நான் புலால் உண்பவன். தட்டில் விழும் இறைச்சிக்காக அழாமல், மருத்துவமனைப் பன்றிக்காக மட்டும் கண்ணீர் வடித்தால் அது போலித்தனம். உணவுக்காகக் கொல்வதைவிட உயிர் காக்கக் கொல்வது மேலானது என்று வாதிடுவோரிடம் எனக்கு உடனே மறுப்புச் சொல்லத் தெரியவில்லை. ஆனால், அந்தப் பன்றிகள் பல அறுவையின் வழி பிறந்து, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, மண்ணையே மிதிக்காமல், மூடிய கூடத்தில் உறுப்புக் கிடங்குகளாக வளர்கின்றன. கட்டாயத்தின் பேரில் அதை ஏற்கலாம் என்றால், அந்தக் கட்டாயம் உண்மையானதாக இருக்க வேண்டும். நாம் செய்யக்கூடியதைச் செய்தபின் எஞ்சுவதே கட்டாயம். செய்யக்கூடியதைச் செய்யாமலே அதைக் ‘கட்டாயம்’ என்பது சோம்பல்.

நாம் செய்யக்கூடியது

நம் நாட்டில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இரத்தச் சுத்திகரிப்பில் வாழ்கிறார்கள். பெருங்காரணம் இனிப்புநீர். 2019ஆம் ஆண்டு தேசிய நலவாழ்வு ஆய்வின்படி, இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்புநீர். மூவினத்தாருள் நாமே முதலிடம். புக்கிட் தெங்காவிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் போகும் வழியில் கடைவீட்டு மையங்களின் வாசலில் காத்திருப்போரைப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

இறந்தவர் உறுப்பைக் கொடையாக ஏற்க 1974ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டம் இங்கே உண்டு. மைசெஜாத்ரா செயலியிலேயே உறுதிமொழி பதியலாம். ஆனாலும், மருத்துவமனையில் குடும்பத்தாரின் ஒப்புதலைக் கேட்பதே நடைமுறை. அங்கேதான் கொடை முறிகிறது.

தமிழ்நாட்டைப் பாருங்கள். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். மருத்துவர்களான பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடையளித்தனர். அவன் இதயம் சென்னைப் போக்குவரத்தைப் பிளந்துகொண்டு சென்று ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதன்பின் அம்மாநிலத்தில் உறுப்புக் கொடை ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. 2023 செப்டம்பரில், கொடையளித்து மறைவோரின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அம்மாநில அரசு அறிவித்தது. இதற்கு வழி திறந்தது புதிய கருவி ஒன்றும் அன்று. தாயும் தந்தையும் சொன்ன ‘சரி’ என்ற ஒரு சொல்.

எல்லாரும் கொடுத்தாலும் போதாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மூளைச்சாவு அடைவோர் இறப்போரில் மிகச் சிலரே. கொடையில் உலகுக்கே முன்னோடியான ஸ்பெயினிலும் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஆகவே, பன்றி ஆய்வு நடக்கட்டும். ஒளிவுமறைவின்றி, கண்காணிப்போடு, ஏழையைப் பலியிடாமல் நடக்கட்டும். அதை நம் கைகழுவலுக்குச் சாக்காக்க வேண்டா என்பதே என் வாதம்.

என் கணக்கு

ஊருக்கு உபதேசம் செய்கிறானே, இவன் யோக்கியனா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

2011இல் என் சிற்றப்பா மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். வயது 23. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரு தாதியர் மிகப் பணிவோடு வந்து உறுப்புக் கொடை பற்றிக் கேட்டார். சிற்றப்பா பேசும் நிலையில் இல்லை. என்னைப் பார்த்து, “நீதான்பா படித்தவன். நீயே சொல்லு” என்றார். நான் ஆசிரியன், பத்தாண்டாக நன்னெறிக் கல்வி கற்பித்தவன். “வேண்டாம் சித்தப்பா. தம்பி முழு உடம்போடு போகட்டும்” என்றேன். அவனை முழு உடம்போடு எரித்தோம். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்தே எரிந்தன.

மூன்றாண்டு கழித்து என் அண்ணனுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. என்னுடையதைத் தர முன்வந்தேன்; எனக்கும் இனிப்புநீர் இருப்பதால் மருத்துவர் மறுத்துவிட்டார். அன்று தொடங்கி இன்றுவரை அண்ணன் திங்கள், புதன், வெள்ளி நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார். பல நாள் அழைத்துச் செல்பவன் நான்தான். பன்றிச் சிறுநீரகச் செய்தியை நாளிதழில் படித்துக் காட்டியபோது சிரித்தார். “எனக்கு எதுவானாலும் சரிதான் தம்பி. ஆனால் நான் யாருடையதற்காகக் காத்திருக்கிறேனோ, அவர்கள் வீட்டிலும் உன்னைப்போல ஒரு படித்தவன் இருப்பானே!” என்றார். அவர் குறை சொல்லவில்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் நாளிதழை மடித்து வைத்தேன்.

ஆகவே, ‘பன்றி வரும்’ என்று காத்திருக்கும் நண்பரே, உங்களை நான் ஏளனம் செய்யவில்லை. உங்கள் இடத்தில் நின்று ‘வேண்டாம்’ என்று சொன்னவன் நான். ஒரு விலங்கைக் கொன்று உறுப்பெடுக்கலாமா என்பது பெரிய கேள்வி, அறிஞர்கள் விவாதிக்கட்டும். எரியப்போகும் உடலிலிருந்து ஓர் உறுப்பைத் தரலாமா என்பது சிறிய கேள்வி. அதற்கு இன்றிரவு உணவு மேசையில் விடை சொல்லிவிடலாம். பதிவு செய்யுங்கள், அதைவிட முதன்மையாக, வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தாழ்வாரத்தில் யாரோ ஒரு ‘படித்தவன்’ உங்களுக்காக முடிவெடுக்கும் நிலையை வைக்காதீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்திலும் பத்து நிமிடம் கேட்கப் போகிறேன். இம்முறை சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்,
புக்கிட் தெங்கா.

பி.கு: ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிபியின் கதையை நடத்தும்போது, கதை முடிந்ததும் ‘அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஐந்து நிமிடம் மாணவர்களைப் பேச விடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் வீடுவரை போய்ச் சேரும்.